கடைசி பெஞ்சிலிருந்து

16 பிப்ரவரி 1993, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட். கால் வீங்கிவிட்டது. வாளியில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டு, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு எழுதுகிறேன். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் இருமல் மருந்து விளம்பரம்.

பேபி காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "அம்மா, கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போகப்போறது நீதான்."

ஆட்டோவில் கூட்டிப் போவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது இல்லை. வாசலிலிருந்து முன்னால் பாஸ்டர் நிற்கிற ஆல்டர் வரைக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு. சபை முழுக்க எழுந்து நின்று பார்க்கும்போது.

அது அப்பா செய்கிற வேலை. அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன். பேபிக்கு அப்பா இல்லாமல் இல்லை. கோவளத்தில் இருக்கிறார், வேறொருத்தியோடு. பதினோரு வருஷம் ஆகிறது. அதனால் என் அண்ணன்தான் என்று எல்லோரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். அண்ணன் பெயர் சின்னதம்பி. வீட்டுக்கு மூத்த பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்த எங்கள் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அண்ணன் கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டார்.

"மாமா கோட்டு தைக்கக் குடுத்துட்டாருடி."

"தைக்கட்டும். போட்டுக்கிட்டு முதல் பெஞ்சுல உக்காரட்டும். என்னை வளத்தது கோட்டா?"

என்னால் முடியாது என்றேன். ஏன் என்றாள். ரசத்தைச் சுடவைக்கப் போய்விட்டேன்.

ஏன் என்று இங்கே எழுதலாம். பேபியின் அப்பா போன பிறகு நான் சர்ச்சில் கடைசி பெஞ்சைத் தாண்டிப் போனதில்லை. முதல் பாட்டு ஆரம்பித்த பிறகு உள்ளே போவேன். ஆசீர்வாதம் முடியும் முன்னே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே. பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். அப்படிச் செய்தால் யாரும் "ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் போ என்கிறாள் என் பெண். அதுவும் மெதுவாக.

19 பிப்ரவரி, வெள்ளி

பேபி என்னைக் கூடத்தில் நடக்கச் சொல்லிப் பார்த்தாள். "எதையோ தொலைச்சுட்டுத் தேடுற மாதிரி நடக்குறம்மா நீ."

கழுத்து முன்னால். தோள் இரண்டும் உள்ளே. கண் தரையில். குதிகால் படுவதே இல்லையாம், விரலில்தான் நடக்கிறேனாம். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். யார் தன் நடையைத் தானே பார்க்கிறார்கள்?

வார்டு துடைக்கிற பொன்னியம்மாள் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பாள். "இன்னா சிஸ்டர் நீ, வர்றதே தெரில. திரும்பினா பின்னால நின்னுகினு கீற. எனக்கு ஒருநாளு மாரடைப்பு வந்துடும் பாரு." நான் அதைப் பாராட்டு என்று வைத்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற நோயாளி எழுந்துவிடக் கூடாது. வார்டில் கற்றுக்கொண்ட நடை. தப்பா அது?

பேபியின் காலேஜில் யாரோ வந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்களாம், இன்டர்வியூவுக்கு எப்படி நடந்து போவது என்று. தோளைப் பின்னால் தள்ளு, தாடையைத் தரைக்கு நேராக வை, பார்வை எதிரே. தலையில் புத்தகம் வைத்து நடந்து பழகு. கனமான புத்தகம் வீட்டில் பைபிள் ஒன்றுதான். அதைத் தலையில் வைக்க மாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டில் டெலிபோன் டைரக்டரி வாங்கி வந்தாள். மெட்ராஸில் உள்ள அத்தனை பேரையும் தலையில் சுமந்துகொண்டு சமையல்கட்டு வரைக்கும் போனேன். அங்கே எல்லோரும் விழுந்தார்கள்.

சிரித்துவிட்டோம். சிரித்து நாளாயிற்று. ஆனாலும் நான் சரி என்று சொல்லவில்லை.

24 பிப்ரவரி, சாம்பல் புதன்

லெந்து ஆரம்பம். நாற்பது நாளைக்குக் கறி மீன் கிடையாது. அப்படியே இந்த நடையையும் விட்டுவிடலாமே என்றேன். பேபி சிரிக்கவில்லை.

2 மார்ச், செவ்வாய்

கூடத்தில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறது. அதனால் விடிந்ததும் பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குப் போனேன். ஆள் இருக்காது என்ற தைரியம்தான். தோள் பின்னால். தாடை நேரே. குதிகால் முதலில். தோள்பட்டை எரிகிறது. நிமிர்ந்து நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டுமா?

எதிரே பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "இன்னா சிஸ்டர், சுகரா?"

நம் ஊரில் காரியம் இல்லாமல் ஒருத்தி நடந்தால் சர்க்கரை வியாதி என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் தெருவில் இரண்டு பேர் பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

11 மார்ச், வியாழன்

வார்டு வராந்தாவில் முயற்சி செய்தேன். நீளமான வராந்தா. நிமிர்ந்து, மெதுவாக. பாதி தூரம் போயிருப்பேன், வாசலில் காத்திருந்த ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பொன்னியம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "ஏன் சிஸ்டர் இப்டி நடக்குற? நீ மெதுவா வந்தா யாரோ பூட்டாங்கன்னு அர்த்தம். தெரியாதா உனக்கு?"

தெரியாது. ஓடினால் உயிர் இருக்கிறது, நடந்தால் இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் காலைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்கள்.

அந்த அம்மாவிடம் உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மூன்று தரம் சொன்னேன். இனி வார்டில் கிடையாது.

20 மார்ச், சனி

அண்ணன் வந்தார், தைத்த கோட்டோடு. கருநீலம். பெல்ட் மாதிரி வயிற்றில் இறுகுகிறது. பேபி எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள்.

"இன்னாம்மா அம்மணி, பொம்பள கூட்டினு போறதா? ஊரு சிரிக்காது? ரயில்வேல என் ஃப்ரெண்டுங்க எல்லாத்துக்கும் சொல்லிட்டேனே, கோட்டு போட்டுகினு வரேன்னு!"

"நான் சொல்லலண்ணா. அவதான்" என்றேன். எப்போதும் போல. பேபி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

28 மார்ச், ஞாயிறு

டபுள் டியூட்டி. சர்ச்சுக்குப் போகவில்லை. நடக்கவும் இல்லை. எதுவும் இல்லை.

11 ஏப்ரல், ஈஸ்டர்

பேபிக்காக ஒரு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பெஞ்சு. ஆராதனை முழுக்க முதுகு கூசியது. ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

18 ஏப்ரல், ஞாயிறு

முதல் கல்யாண அறிவிப்பு வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்று தெரியும். எதை வாசிப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. பாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அப்பாதுரை, அம்மணி இவர்களின் குமாரத்தி எஸ்தர் பேபிக்கும்..."

அந்தப் பெயரும் என் பெயரும் ஒன்றாக, மைக்கில். தலைகள் பின்னால் திரும்பின. கண்ணைத் தரைக்கு இறக்கிவிட்டேன். ரெண்டு மாசப் பழக்கம் ஒரு நொடியில் போயிற்று. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். நாற்பத்தெட்டில் வளைந்தே போனது நிமிருமா?

21 ஏப்ரல், புதன்

அவர் வந்தார்.

வாசலில் இழுத்து இழுத்து ஒரு சத்தம். யாரோ கிழவர் வழி கேட்க வருகிறார் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கி வைக்கிறார், மற்றது பின்னாலேயே இழுபடுகிறது. கட்டுப் போட்ட பாதம். செருப்பின் வாரை அவிழ்த்து விட்டிருந்தார்.

இவர் நடக்கிற அழகுக்காகத்தான் எங்கள் அம்மா சம்மதித்தாள். ராஜநடை என்பாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சர்ச்சுக்குள் வந்தால் பாட்டுக்காரர்கள்கூட ஒரு வரியை விட்டுவிடுவார்கள்.

யாரோ ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கோவளத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பேபி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"சுகரு, அம்மணி. ஒரு விரலை எடுத்துட்டாங்க."

"அங்க இருக்கறவங்க?"

"அவ அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டா. ஆறு மாசம் ஆவுது."

தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "என் பொண்ணை நான் கூட்டினு போறேன். அந்த ஒண்ணுதான் கேக்கறேன்" என்றார்.

அந்த ஒன்றுதானா? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீட்டை அளந்த பார்வை எனக்குத் தெரியாதா?

22 ஏப்ரல், வியாழன்

எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணன் தன் கோட்டையே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். "தகப்பன் வந்துட்டான், இனிமே ஊரு வாயை மூடிக்கும். நீயும் எத்தினி வருஷம்மா தனியா பேஜாரு பட்டுகினு இருப்ப?" மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பிச் சொன்னார், அப்பா இருக்கும்போது அப்பா கூட்டி வருவதுதானே அழகு என்று.

பேபி ஒரே வரி. "அவரு வந்தா நான் தனியா நடந்துக்கறேன்."

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவரே நடக்கட்டும். எனக்குக் கால் வலிக்கிறது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறேன்.

27 ஏப்ரல், செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எனக்கு வார ஓய்வு. மதியம் அண்ணன் அவரைச் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டுப் போய்விட்டார். சாப்பிட்டார். பழைய பிரம்பு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நான் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். திடீரென்று என் கையைப் பார்த்தேன். குழாயைப் பாதி மட்டும் திறந்திருக்கிறேன், தண்ணீர் சத்தம் போடாமல் இருக்க. தட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்துத் தேய்க்கிறேன், கணீர் என்று இடிக்காமல் இருக்க. கீழே பார்த்தால், விரலில் நிற்கிறேன்.

யாரும் சொல்லவில்லையே. நானாகவா?

பேபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்குக் குரோம்பேட்டை கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பகல் முழுக்கத் தூங்குவார். கரண்டி விழுந்தால் தட்டுப் பறக்கும். பேபி மூன்று வயதிலேயே சத்தம் வராமல் விளையாடக் கற்றுக்கொண்டாள். பொம்மையிடம்கூட வாயை மட்டும் அசைத்துத்தான் பேசுவாள். அதை எப்படி மறந்தேன்! வார்டில் கற்ற நடை, வார்டில் கற்ற நடை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. வார்டில் இல்லை. இந்தச் சமையல்கட்டில். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் நான் இன்னும் அவர் தூக்கம் கலையாமல் நடந்துகொண்டிருக்கிறேன். ஏரிக்கரையில், பஸ் ஸ்டாண்டில், சர்ச்சில், எல்லா இடத்திலும். கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் எங்கே கிடந்தது என்றே தெரியவில்லை.

குழாயை முழுக்கத் திறந்தேன். குடத்தை நங்கென்று வைத்தேன். பிறகு கூடத்துக்குள் நடந்தேன், குதிகால் தரையில் படப் பட. அவருக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தேன்.

விழித்துவிட்டார். "இன்னா சத்தம்?"

"நான் நடக்கறேன்."

என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீயா? பூனை மாதிரி போவ நீ. அவ்ளோ பேரு நடுவுல உன்னால நடக்க முடியாது அம்மணி. எனக்குத் தெரியாதா உன்னை?"

அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

29 ஏப்ரல், வியாழன்

பாஸ்டர் வீடு. அண்ணன், அவர், நான். பேபி வரவில்லை. அண்ணன் எல்லாம் பேசி முடித்தார், ஏற்கெனவே நிச்சயமான மாதிரி. பாஸ்டர் நல்ல மனிதர். என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்றார்.

பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

"என் பொண்ணை நான்தான் கூட்டிட்டு வரேன்."

அண்ணன் "அம்மணி..." என்று ஆரம்பித்தார். "நீங்க கோட்டு போட்டுட்டு முதல் பெஞ்சுல உக்காருங்கண்ணா" என்றேன். அவர் தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சபைச் சட்டத்தில் அப்படி ஒன்றும் தடை இல்லை, வழக்கம்தான் அப்படி என்றார் பாஸ்டர்.

வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன். "கட்டு ஈரமா இருக்கு. வெள்ளிக்கிழமை எங்க ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு வாங்க. மாத்தி விடுவாங்க. வீட்டுக்கு வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் பேபியிடம் சொன்னேன். நேரே போய் அந்த டெலிபோன் டைரக்டரியை எடுத்து வந்தாள்.

2 மே, ஞாயிறு

மூன்றாவது அறிவிப்பு. தலைகள் திரும்பின. இந்த முறை நானும் பார்த்தேன்.

8 மே, சனி

சர்ச்சில் ஒத்திகை. கத்திரி வெயில், மின்விசிறி போடவில்லை. புதுச் செருப்பு, கொஞ்சம் குதி உயர்ந்தது, டக் டக் என்று கேட்கிறது. நல்லதாகப் போச்சு என்று வாங்கினேன்.

பேபி என் கையைக் கோத்துக்கொண்டாள். நடந்தோம். முன்னால் போய்ச் சேர்ந்தால், மணியடிக்கிற கோயில்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். "சிஸ்டர், கோச்சிக்காதீங்க. ஆபரேஷன் ஆன பொண்ணைப் பாத்ரூமுக்குக் கூட்டினு போற மாதிரி கீது."

பார்த்தால், ஒரு கை அவள் அக்குளுக்கு அடியில். இன்னொரு கை மணிக்கட்டில், நாடி பிடித்தபடி. எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடத்தின கை. அதற்கு வேறென்ன தெரியும்? பேபி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மறுபடி மறுபடி நடந்தோம். கை ஒவ்வொரு முறையும் அங்கேயே போய் நிற்கிறது.

"விடும்மா, நாடியைப் பிடிச்சுக்கோ. தாடையை மட்டும் கீழ இறக்காத."

13 மே, வியாழன்

நேற்று கல்யாணம் முடிந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. வீடு முழுக்க ரோஜா இதழும் பிரியாணி வாசனையும். பேபி இல்லை.

சர்ச் வாசலில் நின்றோம். ஆர்கன் ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். ஓடிவிடலாமா என்று ஒரு எண்ணம். பேபியின் கை ஜில்லென்று இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி படபடவென்று ஓடுகிறது. அவளுக்கும் பயமா! அது தெரிந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. பயந்தவர்களை நடத்திக் கூட்டிப் போவதுதானே என் வேலை.

கடைசி பெஞ்சைத் தாண்டும்போது ஒரே ஒரு முறை கண் கீழே போயிற்று. வார் அவிழ்த்த ஒரு செருப்பு. புதுக் கட்டு. பிறகு கீழே பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் எனக்கே நன்றாகக் கேட்டது. முதல் பெஞ்சில் அண்ணன், கருநீலக் கோட்டில், மாப்பிள்ளையைவிட ஜோராக, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் கேட்டார், இந்தப் பெண்ணை விவாகத்துக்குக் கொடுக்கிறது யார் என்று.

"நான்."

வாசல் வரைக்கும் கேட்டதாம். பொன்னியம்மாள் சொன்னாள். "மைக்கு இல்லாமயே கேட்டுது சிஸ்டர்."

23 மே, ஞாயிறு

தனியாக சர்ச்சுக்குப் போனேன். பழக்கம், கால் கடைசி பெஞ்சுக்கே போயிற்று. அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

நின்றேன். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. பேபியின் அறை, ஒருத்திக்கு மட்டும் வைக்கிற சோறு. உட்கார்ந்திருந்தால் யாரும் என்னைத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சபையே சந்தோஷப்பட்டிருக்கும்.

முன்னால் போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அதே செருப்பு. பேபி இல்லாமல் அந்த வழி நீளமாகத்தான் இருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

ஆசீர்வாதம் முடியும் வரைக்கும் இருந்தேன். வெளியே அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவோ சொல்ல வந்தார்.

"வெள்ளிக்கிழமை டிரஸ்ஸிங்குக்கு வந்துடுங்க. விட்டுடாதீங்க" என்றேன்.

"சரி" என்றார்.

பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.